எரியாத பேட்டரி விளக்கு

1

ஊரில் ஒரு கார் நடுரோட்டில் நின்றுபோனால் டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வருவார்கள். தள்ளிக்கொண்டே ஆளுக்கொரு யோசனையும் சொல்வார்கள். பாரிசுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் புறநகரில் அப்படி யாரும் வருவதில்லை. பின்னால் நிற்கும் கார்காரர் ஹாரன்கூட அடிக்காமல் பொறுமையாகக் காத்திருப்பார். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியாது.

இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எங்கள் கிழட்டுக் கார் ரவுண்டானாவின் நடுவில் நின்றது. ஸ்டீயரிங்கில் இருந்தவள் என் மகள் கயல். பதினேழு வயது. லைசென்ஸ் உள்ள அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த நாட்டில் பிள்ளைகள் பதினைந்து வயதிலிருந்தே ஓட்டிப் பழகலாம். பின் கண்ணாடியில் அதற்கென்று ஒரு வட்ட அட்டை ஒட்ட வேண்டும். அந்த அட்டையைப் பார்த்ததும் எல்லோரும் பத்தடி தள்ளிப் போவார்கள்.

நிற்பதற்கு முன் கார் முறைப்படி சகுனம் காட்டியது. முதலில் ரேடியோ வாயை மூடியது. வைப்பர் சோம்பேறித்தனமாக நகர்ந்தது. அப்புறம் ஏ.பி.எஸ். விளக்கு, ஏர்பேக் விளக்கு, என்னவென்றே தெரியாத ஓர் ஆரஞ்சு விளக்கு எல்லாம் எங்கள் காரைக்கால் மாங்கனித் திருவிழா சீரியல் பல்பு மாதிரி மொத்தமாக எரிந்தன. அத்தோடு என்ஜின் அடங்கிவிட்டது.

"அப்பா, இதைத் தூக்கிப் போட்டுடுங்க, வெட்கமா இருக்கு" என்று பிரெஞ்சில் சொன்னாள் கயல். அவள் கோபம், வெட்கம், பசி எல்லாம் பிரெஞ்சில்தான் வரும். தூக்கக் கலக்கத்தில் மட்டும் கொஞ்சம் தமிழ் வரும்.

வீட்டிலும் அதே தீர்மானம்தான். "போதுங்க. புள்ளய நடுரோட்டுல நிக்க வச்ச வண்டி நமக்கு வேணாம். யாராச்சும் கேட்டா குடுத்துடுங்க" என்றாள் என் மனைவி செல்வி. ஓடாத வண்டியை யார் கேட்பார்கள்? பழைய இரும்பாக நசுக்கும் இடத்துக்குத்தான் போகும்.

எனக்கு மனசு வரவில்லை. வண்டி மேல் காதல் இல்லை. வருகிற செப்டம்பரில் கயல் படிப்புக்காகத் தெற்கே தூரத்து ஊருக்குப் போய்விடுவாள். வீட்டில் அவள் காதில் எப்போதும் ஒரு ஒயர் இருக்கும். சாப்பிடும்போது மூன்று வார்த்தை பேசினால் அன்று மழை பெய்யும். ஆனால் சனிக்கிழமை ஓட்டிப் பழகும்போது மட்டும் பேசுவாள். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அது அவளுக்கு வசதி போலிருக்கிறது. தோழிகளைப் பற்றிச் சொல்வாள், வாத்தியாரைக் கிண்டல் செய்வாள், சில சமயம் ஊரைப் பற்றிக்கூடக் கேட்பாள். கார் போனால் அந்தச் சனிக்கிழமையும் போய்விடும். அவள் கிளம்புகிறவரையாவது இது ஓட வேண்டும் என்பதுதான் என் கவலை.

2

காரைக்காலில் நான் வாடகைக் கார் ஓட்டினேன். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு சவாரிதான்; விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் கூட்டத்தைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். முதலாளி கொடுத்திருந்த காரில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. சூடேறினால் வாசனை சொல்லும். பெட்ரோல் தீர்ந்தால் குச்சி விட்டுப் பார்ப்போம். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். எதிரே வருகிறவனுக்கு இரண்டும் சேர்ந்தே சேதி போய்விடும்.

பேட்டரி செத்த வண்டியை மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் எங்கள் ஊர் தட்டு மாதிரி சமதரை. அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தை விட்டால் மேடு கிடையாது. அதனால் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு, குளத்தில் முழுகிய ஈரம் காயாமல் வருகிறவர்களே வண்டியைத் தள்ளுவார்கள். ஒருவரும் முணுமுணுத்ததில்லை. இதையும் பரிகாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

செல்வி அப்படி ஒரு சனிக்கிழமை ஏறியவள்தான். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். காரைக்காலில் அப்படிப்பட்டவரை 'சொல்தா' என்போம். சொல்தா முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருக்க, அம்மாவும் மகளும் பின்னால். என் தலைக்கு மேலிருந்த கண்ணாடி ஆணி தளர்ந்து சரிந்திருந்தது. அதில் செல்வியின் முகம் முழுக்கத் தெரியாது. நெற்றியும் அதில் ஓர் அரக்குச் சிவப்புப் பொட்டும் மட்டும் தெரியும். ரோடு குலுங்கினால் அதுவும் குலுங்கும். அவர்கள் ஏறிய, காரைக்காலை ஒட்டிய தருமபுரத்திலிருந்து திருநள்ளாறு போகிறவரை நான் ரோட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். சொல்தா அதைக் கவனித்தாரா என்று தெரியாது. பிறகு எனக்கே பெண்ணைக் கொடுத்ததால் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கல்யாணமாகி அவள் குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு நான் இங்கே வந்து சேர்ந்தேன். ஊர் லைசென்சை மாற்றித் தரும்படி அலுவலகத்தில் கேட்டேன். மொழிபெயர்ப்பு கேட்டார்கள், கொடுத்தேன். ஊரிலிருந்து ஒரு சான்று கேட்டார்கள். அது கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது, வந்த முதல் வருஷத்துக்குள் மாற்றியிருக்க வேண்டும், கெடு முடிந்துவிட்டது என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். ஆயிரம் சனிக்கிழமை ஓட்டியவன் மறுபடியும் டிரைவிங் ஸ்கூலில் போய் உட்கார்ந்தேன். வளைவில் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்ததற்காக ஒரு தேர்வில் தோற்றும் போனேன். எனக்கு முன்னால் செல்வி பாஸ் செய்துவிட்டாள். இன்றைக்கும் வாக்குவாதம் வந்தால் கடைசியில் அதைத்தான் எடுப்பாள்.

3

ரவுண்டானாவுக்குப் பிறகு, பேட்டரிதான் கிழடு தட்டிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். வாரக் கடைசிக்குள் அதுவும் படுத்துவிட்டது. புது மாப்பிள்ளைக்கே இந்த கதி என்றால் கோளாறு வீட்டில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டாமா? எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. ஃபியூசை எல்லாம் கழற்றி, துடைத்து, திரும்பச் செருகினேன். பேட்டரி முனைகளை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினேன். கதவைச் சாத்தினால் உள்விளக்கு அணைகிறதா என்று பார்க்க டிக்கிக்குள் நானே தலையை விட்டுப் படுத்தேன். அடுத்த வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

தருமபுரத்தில் இருக்கும் என் அக்கா போன் செய்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"வண்டியில என்னென்னமோ வெளக்கு எரியுதாடா? சனிக்கெழம நான் திருநள்ளாறு போறேன். வண்டி பேர்ல ஒரு அர்ச்சன பண்ணிடுறேன். அதுக்கு என்ன நட்சத்திரம்?"

"காருக்கு ஏதுக்கா நட்சத்திரம்?"

"நீ வாங்குன அன்னிக்கு என்ன நட்சத்திரமோ அதான். கேலண்டரப் பாத்து சொல்லு. நம்பர் என்ன, அதயும் சொல்லு."

சொன்னேன். பிரெஞ்சு நம்பர் பிளேட்டுக்கு, கேட்டை நட்சத்திரத்தில், எங்கள் கோத்திரத்தில் அர்ச்சனை நடந்தது. குருக்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

4

ஞாயிற்றுக்கிழமை சுல்தான் பாய் வந்தார். காரைக்கால்காரர். வாரம் முழுக்கச் சந்தையில் துணி விற்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு மெக்கானிக். வந்ததும் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். என்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அது பன்னிரண்டை விட்டு ஏறவே இல்லை.

"டைனமோ சார்ஜ் ஏத்தல தம்பி. ஓடுற கரண்ட் எல்லாம் பேட்டரியிலேர்ந்துதான் போவுது. எவ்வளவு நேரம் தாங்கும் அது, பாவம்."

"அப்ப டைனமோ போச்சா பாய்?"

"இருங்க, அவசரப்படாதீங்க. சார்ஜ் ஏறலேன்னா பேட்டரி படம் போட்ட செவப்பு வெளக்கு எரியணும்ல? எரிஞ்சிச்சா?"

யோசித்தேன். ரவுண்டானாவில் அத்தனை விளக்கும் எரிந்தன. பேட்டரி விளக்கு எரிந்ததாக நினைவில்லை. சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து காட்ட வேண்டும். திருப்பினேன். எல்லாம் எரிந்தன, பேட்டரி விளக்கு மட்டும் வரவில்லை.

பாய் தொடையில் தட்டிக்கொண்டார். "அதான் சங்கதி! பல்பு அவுட்டு. இந்த மாதிரி பழைய வண்டியில அந்த பல்பு வழியாத்தான் டைனமோவுக்கு முதல் கரண்டே போவும். பல்பு போனா டைனமோ தூங்கிடும். டேஷ்போர்டக் கழட்டுனா ஆச்சு, இன்ஷா அல்லா."

டேஷ்போர்டைக் கழற்றுவது என்றால் பாதி வண்டியைப் பிரிப்பது. பிரித்ததை மறுபடி சேர்ப்பாரா என்று எனக்குச் சந்தேகம். போன வருஷம் ஒருவருடைய காரைச் சேர்த்த பிறகு ஒரு கைப்பிடி ஸ்க்ரூ மிச்சமிருந்தது எல்லோருக்கும் தெரியும். செல்வி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டீ வேண்டுமா என்று கேட்கக்கூட இல்லை. வண்டி சாகட்டும் என்றுதான் நின்றாள் என்று நினைத்தேன்.

கயல் கீழே வந்தாள். ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வரவில்லை, அவளுடைய பாட்டு சிடி காருக்குள் இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அதைத் தேடினாள். தேடியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். வெகுநேரம் எதிரே இருந்த ஸ்பீடாமீட்டரையே பார்த்தாள்.

"அப்பா" என்றாள், தமிழில். "இது அம்மா பொட்டு."

கிட்டே போய், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தேன். ஸ்பீடாமீட்டரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியின் கீழ் இடது மூலையில், கறுப்போடு கறுப்பாக, ஓர் அரக்குக் கலர் ஸ்டிக்கர் பொட்டு. தூசி படிந்து வண்டியோடு வந்த புள்ளி மாதிரி ஆகியிருந்தது. நான் தினமும் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். கயல் நகத்தால் கிள்ளி எடுத்தாள். அதன் அடியில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பாய் சிரித்த சிரிப்பில் எதிர் பிளாக்கில் நாய் குரைத்தது. "வெளக்கு விசுவாசமா கத்திக்கிட்டே இருந்திருக்கு தம்பி! நம்ம ஆளுங்க வாயப் பொத்தி வச்சிருக்காங்க!"

பல்பு நன்றாக இருக்கிறது என்றால் பழுது டைனமோவில்தான். அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் துண்டு இரண்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. டேஷ்போர்டு தப்பித்தது. நானும் சிரித்தேன். கயல் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பொட்டை விரல் நுனியில் ஒட்ட வைத்தபடியே நின்றாள்.

5

கார்பன் வாங்க மறுநாள் பஸ்ஸில் போனோம். கயலும் வருகிறேன் என்றாள், அதுவே அதிசயம். இங்கே பிரெஞ்சில் அதற்குப் பேர் கரித்துண்டு. ஊர் மெக்கானிக் கார்பன் என்கிறான், பிரெஞ்சுக்காரன் கரி என்கிறான், இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள் என்று கயலிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் பொட்டு அங்க ஏன் இருந்துச்சு தெரியுமாப்பா?"

"உங்கம்மா கண்ட எடத்துலயும் ஒட்டுவா. பாத்ரூம் கண்ணாடியப் பாரு, பீரோவப் பாரு."

"அது இல்ல." கொஞ்ச நேரம் தமிழில் தேடினாள். கிடைக்காமல் பாதி பிரெஞ்சில் சொன்னாள். பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷம். செல்வி காரில் போய்க் கூட்டி வருவாள். வாசலில் பிள்ளைகள் செல்வியின் நெற்றியைக் காட்டி, துப்பாக்கிக் குறி வைப்பது மாதிரி விரலை நீட்டிச் சிரித்தார்களாம். அன்று காரில் ஏறியதும் கயல் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்: அதை வைத்துக்கொண்டு ஸ்கூலுக்கு வராதீங்க.

"அடுத்த நாள்லேர்ந்து அம்மா பொட்டு இல்லாமத்தான் வந்தாங்க. மொத வாரம் கவனிச்சேன். அப்புறம் நான் மறந்துட்டேன்பா." குரல் உடைந்தது. "அவங்க மறக்கல. இப்பகூட, மழைக்கு என்னக் கூப்புட வந்தா, இல்லாமத்தான் வர்றாங்க. அத எங்க எடுத்து வைக்கிறாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன பிள்ளை வளர்த்திருக்கிறோம் என்று வாய்வரை வந்தது. அப்போது பதினோரு வயது அவளுக்கு. புது ஸ்கூல், புது முகங்கள், பெரிய பை. அந்த வாசலில் அவள் தனியாக நின்றதை நினைத்ததும் கோபம் வந்த வழியே போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும் இடம் வருகிறவரை அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

6

செல்வி தினமும் சாயங்காலம் என்னை ரயிலடியில் கூட்டிக்கொள்ள வருவாள்; அங்கிருந்து வீடுவரை நான் ஓட்டுவேன். அப்போது நெற்றியில் பொட்டு இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் இல்லாமல் நான் பார்த்ததில்லை. அதற்கு முன் கயலைக் கூப்பிடப் போகையில், பள்ளிக்கூடத்து முனையில் இருக்கும் ரொட்டிக்கடையைத் தாண்டும்போது அதை எடுத்து மீட்டர் கண்ணாடியில் ஒட்டுவாளாம். பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டு ரயிலடிக்கு வரும்போது திரும்ப எடுத்து நெற்றியில் வைப்பாளாம். கண்ணெதிரே இருந்தால் மறக்காதாம். ஒரு மழைநாளில் பசை போய் ஒட்டாமல் போகவே, பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாளாம். பழையது அங்கேயே தங்கிவிட்டது.

கேட்டதும் இவ்வளவையும் அடுப்பைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க புள்ளயத் திட்டுவீங்க. அவ என்ன பண்ணுவா? அங்க நிக்கிறது அவதானே."

 மனசு கனத்தால் நான் கிண்டல் பேசுவேன். அது என் சுபாவம். "அடிப்பாவி, ஊர்ல புருஷன் போனாத்தான் பொட்ட எடுப்பாங்க. தெனமும் சாயங்காலம் என்னக் கொன்னு, ரயிலடியில வந்து உசுரு குடுத்திருக்கியே!"

செல்வி வெடுக்கென்று திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "வாயக் கழுவுங்க. வேற எங்கயாச்சும் வச்சேனா? நீங்க ஒக்காந்து ஓட்டுற எடத்துலதானே ஒட்டுனேன்? அந்தப் பழசக்கூட பாத்தேன். அங்கயே இருக்கட்டும், உங்களுக்குத் தொணையா இருக்கும்னுதான் எடுக்காம விட்டேன்."

துணைக்கு வைத்ததுதான் எங்களை ரவுண்டானாவில் நிறுத்தியது என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். கல்யாணமான பிறகு நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று. மீன் கொஞ்சம் கருகிவிட்டது. மூன்று பேரும் அதையே பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

7

கரித்துண்டு மாற்றியதும் கார் இளவட்டமாகிவிட்டது. மீட்டர் பதினாலைத் தொட்டது. வைப்பர் துள்ளியது. ஆரஞ்சு விளக்கு மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதன் குறை என்னவென்று எனக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது. அர்ச்சனை பலித்துவிட்டது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமைகள் திரும்பி வந்தன. ஆனால் கயல் அந்தப் பொட்டைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வியும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். செப்டம்பர் வந்துவிடுமே, இப்படியே போய்விடுவாளோ என்று எனக்கு அடித்துக்கொண்டது.

ஜூலையில் பரீட்சை முடிவு. பள்ளிக்கூட வாசலில் பேர்களை ஒட்டுவார்கள். கயல்தான் ஓட்டினாள். செல்வி முன்சீட்டில் அவள் பக்கத்தில். நான் முதல் தடவையாக என் சொந்தக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், சவாரி ஏறியவன் மாதிரி. வெயிலுக்காகச் செல்வி முன்னால் மடக்கியிருந்த தட்டியை இறக்கினாள். அதில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவள் முகம் முழுக்கத் தெரியவில்லை. நெற்றியும் பொட்டும் மட்டும் தெரிந்தன. ரோடு நன்றாக இருந்ததால் குலுங்கவில்லை.

ரொட்டிக்கடை வந்தது. முனையில் கயல் வேகத்தைக் குறைத்தாள். வாசலில் பிள்ளைகளும் பெற்றோர்களும் கூட்டமாக நின்றார்கள். செல்வியின் கை தானாக நெற்றிக்குப் போனது. அவளுக்கே தெரிந்திருக்காது.

கயல் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா" என்றாள்.

செல்வியின் விரல் பொட்டின் மேல் அப்படியே நின்றது. கார் திரும்பி, வாசலுக்கு நேரே போய் நின்றது. அவள் அந்தப் பொட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டிக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கினாள்.